முதல் மூன்று நாள்

மாவு புளிக்கும் பக்குவத்தை அறிந்த இல்லத்தார்க்கு வெம்மையின் ஆற்றலை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கோலாலம்பூரில் இரவு அரைத்து வைத்த இட்டலி மாவு, பொழுது விடிவதற்குள் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நிற்கும். அதே அரிசியையும் உளுந்தையும் அதே அளவில் அரைத்து, இலண்டன் மாநகரில் மார்கழிக் குளிரில் வைத்தால், மறுநாள் காலையிலும் அது அரைத்த வண்ணமே அசையாமல் கிடக்கும். அங்குக் குடியேறிய தமிழ்ப் பெண்கள் மாவுப் பாத்திரத்தை மின்னடுப்பினுள் வைத்து, அடுப்பை மூட்டாமல் அதனுள் இருக்கும் விளக்கை மட்டும் எரியவிட்டுப் புளிக்கச் செய்வதுண்டு. அச்சிறு விளக்கின் வெம்மையே போதுமானதாகி விடுகிறது. அரிசியில் மாற்றமில்லை, உளுந்தில் மாற்றமில்லை, கைப்பக்குவத்திலும் மாற்றமில்லை. மாறியது சில பாகை வெப்பம் மட்டுமே.

மாவு ஒரு நாள் புளிக்காது போயின் ஒரு வேளைச் சிற்றுண்டி கெடும். அதற்கு மேல் இழப்பொன்றும் இல்லை. இதே நொதித்தலை ஐந்து காலன் அளவில், பல வாரப் பொறுமையோடு, தம் வீட்டுச் சமையலறையில் நடத்துகின்ற மக்களும் உலகில் உளர். ஏல் என்னும் பியர் வகையைத் தம் வீட்டிலேயே ஆக்கிக் கொள்ளும் ஆங்கிலேயர் அவர்கள். அவர்களுக்கு நேரும் இழப்பு சற்றுப் பெரிது. பிழை நேர்வது முதல் மூன்று நாளில். அது தெரிய வருவதோ ஐந்தாறு வாரம் கழித்து, முதற் புட்டியைத் திறக்கும் பொழுதில். இடையில் அதனைத் திருத்துவதற்கு வழியே இல்லை எனலாம்.

கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே கொண்ட திருக்குறளைப் பயில்வோர்க்கும் பயிற்றுவிப்போர்க்கும் இப்பொருள் ஏற்புடையதோ என்னும் ஐயம் எழக்கூடும். தோட்டப்புறக் கள்ளுக்கடைகள் எத்தனைக் குடும்பங்களின் அடுப்பை அணைத்தன என்பதை மலேசியத் தமிழர் நன்கறிவர். குடியைப் போற்றுவது வேறு. நொதித்தல் என்னும் இயற்கை நிகழ்ச்சியை மனிதன் எவ்வாறு ஆளக் கற்றான் என்று அறிவது வேறு. பாடநூல்களில் பெயர் பெற்ற ஜூல், பாஸ்டர் ஆகிய இரு பேரறிஞர்களின் வரலாறும் நுரை பொங்கும் இத்தொட்டியோடு பிணைந்திருக்கிறது. ஆதலின் மாணவர் இதனைக் கற்பதில் குற்றமொன்றும் இல்லை.

ஏல் ஆக்கும் முறை எளியதே. வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து முளைவிடச் செய்து, பின் உலர்த்தி எடுப்பர். மால்ட் எனப்படும் அத்தானியத்தை நொறுக்கி, ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால், அதிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறி நீரில் இறங்கும். வடித்தெடுத்த அவ்வின்சாற்றை ஹாப்ஸ் என்னும் கைப்பான பூக்களோடு சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வாளியில் ஊற்றி, ஈஸ்ட் சேர்த்து மூடுவர். மனிதனின் வேலை பெரும்பாலும் அத்துடன் முடிந்தது. பின்னர்த் தொழிற்படுவது கண்ணுக்குப் புலனாகாத ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரே. அது சர்க்கரையை உண்டு, அதனை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. வாளியை மூடிய பின் மனிதன் கையில் எஞ்சியிருப்பது வெம்மை ஒன்றே. அதனைக் கூட்டலாம், குறைக்கலாம். வேறு எதையும் அவனால் ஆணையிட இயலாது.

ஏலுக்குரிய ஈஸ்ட் வகைகள் பெரும்பாலும் 18 முதல் 22 பாகைக்குள் செவ்வனே தொழில் புரிவன. லாகர் என்னும் மற்றொரு பியர் வகைக்குரிய ஈஸ்டோ 8 முதல் 13 பாகைக் குளிரை விரும்புவது. இங்கிலாந்தின் இயல்பான அறை வெப்பமே ஏலுக்குப் பொருந்தி வருவதால், ஆங்கிலேயர் ஏலை வளர்த்ததில் வியப்பில்லை. ஆயின், அந்த ‘அறை வெப்பம்’ என்னும் சொல்லில்தான் சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது.

வட இங்கிலாந்தில் ஒரு சிறிய வீட்டை எண்ணிப் பார்க்கலாம். இளவேனிற் காலத்து மாலை நேரம். சுவரில் தொங்கும் வெப்பமானி 20 பாகை காட்டுகிறது. வீட்டுக்காரர் மனநிறைவோடு வாளியைச் சமையலறை மூலையில் வைத்துவிட்டு உறங்கச் செல்கிறார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் வாளியில் நுரை திரண்டெழுகிறது; மூடியிற் பொருத்திய குழாயின் வழியே குமிழிகள் இடைவிடாது வெளியேறுகின்றன. சுவரில் இருக்கும் வெப்பமானி அப்பொழுதும் 20 பாகையே காட்டுகிறது. அதனை நம்பி அவர் அமைதியாக இருந்து விடுகிறார். ஆனால் வாளிக்குள் ஒரு வெப்பமானியை இறக்கிப் பார்ப்பாராயின், அது 24 பாகையோ 25 பாகையோ காட்டக் கண்டு திடுக்கிடுவார்.

காரணம் என்ன? சர்க்கரையைப் பிளக்கும் ஈஸ்ட் வெப்பத்தையும் உமிழ்கிறது. ஆள் கூடக் கூடத் திருமண மண்டபத்தில் புழுக்கம் ஏறுவது போல, பெருகும் ஈஸ்டின் கூட்டத்தால் சாறும் சூடேறுகிறது. சூடேறிய சாற்றில் ஈஸ்ட் மேலும் விரைந்து தொழிற்படும்; விரைந்து தொழிற்படுவதால் மேலும் சூடு பிறக்கும். ஐந்து காலன், அதாவது ஏறத்தாழ 23 லிட்டர் சாற்றில் பிறக்கும் வெப்பம் சிறிதும் வெளியேறாது தங்கிவிடுமாயின், சாற்றின் வெப்பநிலை பத்துப் பாகைக்கும் மேல் உயர்ந்துவிடும். நல்வாய்ப்பாக, வாளியின் சுவர் வழியே பெரும்பகுதி வெளியேறி விடுகிறது. ஆலைகளில் உள்ள பெருந்தொட்டிகளுக்கு அந்த நல்வாய்ப்பும் இல்லை. கொள்ளளவு பெருகும் அளவிற்குப் புறப்பரப்பு பெருகுவதில்லை அன்றோ? பெருந்தொட்டியின் நடுவே பிறந்த சூடு நடுவிலேயே அடைபட்டுக் கிடக்கும்.

நான்கைந்து பாகை ஏறினால் என்ன கெட்டுவிடும் என்று வினவலாம். ஈஸ்ட் முதலில் செய்வது தன் இனத்தைப் பெருக்கிக் கொள்ளுதல். புதிய உயிரணுக்களைக் கட்டி எழுப்பும் அவ்வேலையின்போது, ஆல்கஹாலோடு கூடவே வேறு பல பொருள்களையும் அது சிறு சிறு அளவில் வெளியிடுகிறது. உயர் ஆல்கஹால்கள் என்பன அவற்றுள் ஒரு வகை. வெம்மை மிகுந்தால் இவை மிகும். மிகுந்தால் பானம் தொண்டையைச் சுடும். வண்ணப்பூச்சைக் கரைக்கும் நீர்மத்தின் நெடி அதில் எழும். எஸ்டர்கள் மற்றொரு வகை. கனிகளுக்கு மணம் தருபவை இவையே. வாழைப்பழத்திற்கு உரிய மணப்பொருளும் இவற்றுள் ஒன்று. எஸ்டர் இலேசாக இருப்பது ஆங்கில ஏலுக்கு அழகு. கறிக்குப் பெருங்காயம் போல என்க. அளவு மீறினாலோ, அரும்பாடுபட்டுச் சேர்த்த மால்ட்டின் மணமும் ஹாப்ஸின் மணமும் மறைந்து, வாழைப்பழக் கடையில் நுழைந்த உணர்வே மிஞ்சும்.

இப்பொருள்களின் பெரும்பகுதி, ஈஸ்ட் பெருகும் காலமாகிய முதல் இரண்டு மூன்று நாளிலேயே உருவாகி விடுகிறது. உருவான பின் அவற்றைப் பிரித்தெடுக்க வீட்டில் வழியில்லை. நான்காம் நாள் பதறிப் போய் வாளியைக் குளிர்விப்பதால், நெய்யாகிவிட்டதை வெண்ணெயாக்க முயல்வது போன்ற பயனே கிட்டும்.

குளிர் மிகுந்தாலும் தொல்லையே. வெப்பநிலை மிகத் தாழ்ந்தால் ஏல் ஈஸ்ட் சோர்ந்து வாளியின் அடியில் படிந்துவிடும்; சர்க்கரை எஞ்சி நிற்கும். குமிழிகள் நின்றமை கண்டு, நொதித்தல் முடிந்தது என்று கருதிப் புட்டியில் அடைத்துவிட்டால், வெயில் காலம் வந்ததும் உறங்கிய ஈஸ்ட் விழித்தெழும். எஞ்சிய சர்க்கரையிலிருந்து வாயு பிறந்து, கண்ணாடிப் புட்டி வெடித்துச் சிதறுவதும் உண்டு. சுவைக்கேடு ஒருபுறமிருக்க, அது கண்ணுக்கும் கைக்கும் ஊறு செய்வது.

இத்தனையும் அறியாத காலத்தில் மக்கள் என்ன செய்தனர்? பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஈஸ்டுக்கு ‘கடவுள் நல்லவர்’ என்று பொருள்படும் பெயரொன்று வழங்கியது. நுரையை அள்ளி அடுத்த சாற்றில் இட்டால் அதுவும் பொங்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்; ஏன் என்பதைக் கடவுளிடம் விட்டுவிட்டனர். 1516ஆம் ஆண்டு ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்த புகழ்பெற்ற சட்டம், பியருக்கு வாற்கோதுமையும் ஹாப்ஸும் நீரும் மட்டுமே உரியன என்றது. ஈஸ்டை அது குறிப்பிடவே இல்லை. ஆனால் கோடையில் ஆக்கிய பியர் கெடும் என்பது மட்டும் எல்லார்க்கும் பட்டறிவால் தெரிந்திருந்தது. 1553இல் பவேரிய அரசு, செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரையிலான குளிர்மாதங்களில் மட்டுமே பியர் ஆக்கலாம் என்று ஆணையிட்டது. இங்கிலாந்திலும் அக்டோபர் பியர், மார்ச் பியர் என்று மாதப் பெயர் தாங்கிய வகைகளே சிறப்புப் பெற்றன. வெம்மையை ஆளும் கருவி இல்லாதபோது, நாள்காட்டியே கருவியாயிற்று.

வெப்பமானி இத்தொழிலுக்குள் எளிதில் நுழைந்துவிடவில்லை. பாரன்ஹீட் தம் பாதரச வெப்பமானியை 1714இல் அமைத்தார். மைக்கேல் கோம்புரூன் என்னும் இலண்டன் தொழிலர், பியர் ஆக்கும் தொழிலில் அதனைப் பயன்படுத்தும் வகையை 1762இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். எனினும் கையை விட்டுப் பார்த்தே சூடறிந்து பழகிய மூத்தோர் அதனை ஏளனம் செய்தனர். ஹாம்ப்ஷயர் மாவட்டத்து ஆல்ட்டன் நகரில் வாழ்ந்த ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்னும் இளைஞர், வெப்பமானி ஒன்றைத் தம் தந்தை அறியாமல் ஒளித்து வைத்துக்கொண்டே ஆலையில் பயன்படுத்தினார் என்பது வரலாறு. புதிய கருவியைத் தந்தையின் சினத்திற்கு அஞ்சி மறைத்த அம்மகனின் நிலை, இன்றைய மாணவர்க்கும் முற்றும் புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள், தொட்டிக்குள்ளே குழாய்களைச் செலுத்தி, அவற்றில் குளிர்நீரை ஓடவிட்டுச் சாற்றின் சூட்டைத் தணிக்கும் முறையும் இங்கிலாந்தில் தோன்றியது. கோடையிலும் ஏல் ஆக்கலாம் என்னும் துணிவு அதன் பின்னரே மெல்லப் பிறந்தது.

இங்கே ஜூலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1818இல் மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் பிறந்தார். தந்தையார் பியர் ஆலை உரிமையாளர். அணுக்கொள்கை கண்ட டால்ட்டனிடம் சிறுவயதில் பாடம் கேட்ட ஜூல், பல்கலைக்கழகம் எதிலும் பயிலாமல், குடும்ப ஆலையின் பொறுப்பையும் தாங்கிக்கொண்டே ஆராய்ச்சி நடத்தினார். எடை ஒன்று கீழிறங்கும்போது நீருக்குள் துடுப்புச் சக்கரம் சுழலுமாறு அமைத்து, அச்சுழற்சியால் நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்தார். ஏறிய சூடோ ஏறத்தாழ அரைப் பாரன்ஹீட் பாகை! ஒரு பாகையில் இருநூற்றில் ஒரு பங்கைக்கூடத் தம்மால் கணிக்க இயலும் என்று அவர் கூறியபோது, கற்றறிந்தார் பலர் நம்பத் தயங்கினர். சாற்றின் வெப்பநிலையை நாளும் பொழுதும் அளந்து கண்காணித்து வாழ்ந்த ஆலைச் சூழலே அக்கூர்மையை அவர்க்கு அளித்தது என்று அறிவியல் வரலாற்றாசிரியர் சிலர் கருதுவர். இக்கருத்துப் பெரிதும் பொருந்துவதாகவே தோன்றுகிறது. ஆய்வுக்கூடத்திற்கு ஒருநாள் ஒருமுறை வந்து வெப்பமானியைப் பார்ப்பவர்க்கும், அதன் ஓர் அசைவில் தம் குடும்பத்தின் பொருள் அடங்கியிருக்கக் கண்டவர்க்கும் பார்வை ஒன்றாக இருக்குமா? 1889இல் மறைந்த அவருடைய கல்லறைக் கல்லின்மீது 772.55 என்னும் எண் செதுக்கப்பட்டுள்ளது. ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்ஹீட் பாகை சூடேற்றுவதற்கு, ஓர் அடி கீழிறங்க வேண்டிய எடையைப் பவுண்டில் குறிக்கும் எண் அது.

ஜூல் சூட்டை அளந்தார். சூட்டில் பெருகும் உயிர்களைக் காட்டியவர் பாஸ்டர். 1871இல் இலண்டனின் பெரிய பியர் ஆலை ஒன்றுக்குச் சென்ற அவர், அங்கிருந்த ஈஸ்டை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்து, அதில் வேண்டாத கிருமிகள் கலந்திருப்பதைச் சுட்டிக் காட்டினார். சில நாளிலேயே அவ்வாலையினர் நுண்நோக்கி ஒன்றை வாங்கிவிட்டனர். 1876இல் வெளிவந்த பியர் பற்றிய அவருடைய ஆய்வு நூலும், 1883இல் டென்மார்க்கு நாட்டு எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை உயிரணுவிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்ததும், ‘கடவுள் நல்லவர்’ என்னும் பழம்பெயரை வரலாற்றுக்குள் ஒதுக்கின.

ஆலைகள் இவ்வாறு முன்னேறிய அதே காலத்தில் வீடுகள் பின்தங்கின. 1880இல் கொணர்ந்த சட்டத்தால், இங்கிலாந்தில் வீட்டில் பியர் ஆக்குவோரும் உரிமம் பெற வேண்டியதாயிற்று. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அக்கட்டுப்பாட்டை நீக்கினார். அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டு பியருக்கு இருந்த கூட்டரசுத் தடையை அகற்றியது. ஆனால் இடைப்பட்ட தலைமுறைகளில் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வரவேண்டிய கைப்பக்குவம் பெரிதும் அறுந்து போயிருந்தது. சுடுநீர்க் கலத்தை அடுத்துத் துணி உலர்த்தும் அலமாரி ஒன்று ஆங்கிலேயர் வீடுகளில் இருக்கும். வாளியை அதற்குள் வைத்துவிடுக என்பதே புதியவர்க்குக் கிடைத்த அறிவுரை. விரைவில் நொதித்து முடியும் என்பது உண்மைதான். வீட்டு பியர் என்றாலே முகத்தைச் சுளிக்கும் வழக்கம் அக்காலத்தில் பரவியதற்கு, அந்த அலமாரியும் ஒரு காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது.

பிற்காலத்தார் மெல்ல மெல்ல நேர்வழி கண்டனர். முதலாவது, அவசரமின்மை. கொதித்த சாறு 28 பாகைக்கு ஆறியதுமே ஈஸ்டைச் சேர்த்துவிட்டுப் பின்னர்க் குளிர்வித்துக் கொள்ளலாம் என எண்ணுவது தவறு. 18 பாகைக்கு இறங்கும் வரை காத்திருந்து சேர்த்தால், எழவிருக்கும் சூட்டுக்கு இடம் விட்டது போலாகும். அடுத்தது, அளக்கும் இடம். வெப்பமானியைச் சுவரில் மாட்டாமல், வாளியின் புறத்தே சாற்றின் மட்டத்திற்குக் கீழ் ஒட்டி, அதன்மேல் துணி மடிப்பொன்றை வைத்துக் கட்டினால், காற்றின் வெப்பத்தைக் காட்டாமல் சாற்றின் வெப்பத்தையே ஏறத்தாழக் காட்டும்.

குளிர்விக்கும் வழிகளுள் மிக எளியது தண்ணீர்த் தொட்டி. அகன்ற தொட்டியில் நீர் நிரப்பி, அதனுள் வாளியை நிறுத்தி, பனிக்கட்டியாக உறைந்த நெகிழிப் புட்டிகளைக் காலையும் மாலையும் மாற்றி மாற்றி மிதக்கவிடுவர். சூழ்ந்துள்ள நீரின் பெருக்கம், வெம்மை திடீரென ஏறவும் விடாது, இறங்கவும் விடாது. மற்றொரு வழி, வாளிக்குப் பழைய பனியன் ஒன்றை அணிவித்து, அதன் நுனியை நீரில் தோய விட்டு, எதிரே மின்விசிறியைச் சுழலவிடுதல். மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே முறைதான் இது. ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் உடன் கொண்டு செல்கிறது. வறண்ட காற்றுள்ள ஊர்களில் இது வியக்கத்தக்க பயன் தரும். ஆண்டு முழுதும் ஈரம் சுமந்த காற்று வீசும் சிங்கப்பூர், மலேசியா போன்ற இடங்களில் அவ்வளவாகப் பயன்படாது. வசதியுள்ளோர் பழைய குளிர்பதனப் பெட்டியொன்றை வாங்கி, குறித்த பாகையில் தானே இயங்கி, தானே நிற்கும் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்திக் கொள்கின்றனர். குளிர்காலத்தில் அப்பெட்டிக்குள்ளேயே சிறு சூட்டுப் பட்டையையும் வைப்பர். ஜூலின் தந்தையார் கண்டிருந்தால் தம் ஆலையின் பாதியை அதற்கு ஈடாகக் கொடுத்திருப்பார்!

நான்காம் நாளுக்குப் பின் வேண்டுவது இதற்கு நேர்மாறானது. நுரை தணிந்ததும் குளிர்விப்பதை நிறுத்தி, சாறு 20 அல்லது 21 பாகைக்கு ஏற விடுவர். நொதித்தலின்போது உருவாகும் டையசிட்டில் என்னும் பொருள் பானத்திற்கு வெண்ணெய் வாடை தருவது. அதனை ஈஸ்டே மீண்டும் உட்கொண்டு நீக்கிவிடும். ஆனால் அதற்குச் சிறிது வெம்மையும் சில நாள் ஓய்வும் வேண்டும். தொடக்கத்தில் கேடு செய்த அதே வெம்மை, முடிவில் தூய்மை செய்கிறது. எனவே ‘20 பாகை’ என்று ஒற்றை எண்ணை எழுதிவைத்துக்கொண்டு அதிலேயே நிற்பவரைவிட, எந்த நாளில் எந்தப் பாகை என்று அறிந்தவரே இக்கலையில் தேர்ந்தவர்.

இவ்விதிகள் அனைத்தையும் புறந்தள்ளும் ஒரு கூட்டத்தாரும் உளர். நார்வே நாட்டின் மேற்குப் பகுதியில், வோஸ் என்னும் ஊரைச் சூழ்ந்த பண்ணை வீடுகளில், தலைமுறை தலைமுறையாகக் காத்து வரும் ஈஸ்ட் வகைக்குக் ‘க்வைக்’ என்று பெயர். அவர்கள் அதனைச் சாற்றில் சேர்ப்பது 18 பாகையில் அன்று, 39 பாகையில்! ஏனைய ஏல் ஈஸ்ட் அச்சூட்டில் தொண்டையைச் சுடும் பானத்தையே தரும். க்வைக்கோ இரண்டு மூன்று நாளில் வேலையை முடித்து, ஆரஞ்சுத் தோலின் மணம் கமழும் தூய பானத்தைத் தருகிறது. 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு, இவ்வகை ஈஸ்டுகள் மற்ற பியர் ஈஸ்டுகளினின்று வேறுபட்ட தனிக்குடியைச் சேர்ந்தவை என்று காட்டியது. நார்வே நாட்டு லார்ஸ் மாரியஸ் கார்ஷோல் பண்ணை பண்ணையாகச் சென்று திரட்டிய செய்திகள் 2020இல் நூலாக வெளிவந்தன. ஆண்டுக்கு ஓரிரு முறையே ஏல் ஆக்கிய அப்பண்ணையார்கள், மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த வளையத்தை நுரையில் தோய்த்து, உலர்த்தி, அடுத்த முறைக்கென்று தொங்கவிட்டு வைத்தனர். வளையத்தைச் சாற்றில் இடுவதற்கு உரிய சூட்டை அவர்கள் பாகையால் குறிக்கவில்லை. அதற்கு அவர்கள் கொண்டிருந்த அளவு, கறந்த பாலின் சூடு.